தெளிவாகக் கேட்கிறது

பார்த்து வாங்க, அந்தக் கடைசிப் படி மட்டும் கொஞ்சம் உயரம் ஜாஸ்தி, புதுசா வர்றவங்க எல்லாருக்கும் அங்கதான் கால் தட்டும். லிஃப்ட் இருக்கு, இருந்து என்ன, அது ஓடுற நாள்ல நமக்கு வெளிய வேலை இருக்காது. உள்ள வாங்க சார். செருப்பு கெடக்கட்டும். என்னது, சார் வேணாமா? சரி, தம்பின்னே கூப்பிடறேன், வயசுல சின்னவர்தான். ஆனா ரேடியோ நிலையத்து இன்ஜினியர், கடல் தாண்டி நம்ம வீட்டைத் தேடி வந்திருக்கீங்க, எடுத்த எடுப்புல தம்பின்னு வாய் வர மாட்டேங்குது. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இப்பிடி உக்காருங்க.

படியேறிக்கிட்டே என்னமோ சொன்னீங்களே, மூச்சு வாங்குனதுல பாதி காதுல விழல. அடுத்த வாரம் கூட்டமா. தமிழ்ச் சிற்றலை நிகழ்ச்சியை வெச்சுக்கறதா நிறுத்தறதான்னு. ம். அக்கா வேலையை விடறேன்னு எழுதிக் குடுத்துட்டாங்களா? எந்த அக்கா, நம்ம அக்காவா? தெனம் சாயங்காலம் பேசறவங்க? ஏன் தம்பி, அவங்களுக்கு என்ன கொறை?

யாரும் கேக்கறதில்லன்னு நெனைச்சுட்டாங்களா.

இல்ல, ஒண்ணுமில்ல. கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன். நீங்க சொல்லுங்க. கடுதாசி வர்றதே நின்னு போச்சு, கப்பல்ல இருந்து எழுதறவங்க, ரோடு போடற கேம்ப்ல இருந்து எழுதறவங்க, ஒருத்தரையும் காணோம். மிச்சம் இருக்கறது நான் ஒருத்தன்தான். தெளிவாகக் கேட்கிறது, தெளிவாகக் கேட்கிறதுன்னு தவறாம எழுதற ஒரே ஆள். அதனால என் வீட்டுல, என் ரேடியோவுல, இன்னிக்கு நிகழ்ச்சியை நீங்களே உக்காந்து கேட்டு, அந்தப் பெட்டியில அளந்து எடுத்துக்கிட்டுப் போய்க் கூட்டத்துல வைக்கணும். இவ்வளவு தூரத்துல இப்பிடிக் கேக்குது, கேக்கற ஆளும் இருக்காருன்னு காட்டணும். காட்டினா நிகழ்ச்சியும் நிக்காது, அக்காவும் போக மாட்டாங்க. அதானே? புரியுது தம்பி. நல்லாப் புரியுது.

நேரம் இருக்கு. ஆரம்பிக்க இன்னும் நெறைய நேரம் இருக்கு. மொதல்ல டீ குடிங்க. இந்தாம்மா, தம்பிக்கு ஒரு டீ, எனக்கு அரை. சக்கரை போடலாமா? போடலாமாம். என் சம்சாரம் ஏன் என்னை அப்பிடி ஒரு மாதிரி பாத்துட்டுப் போறான்னு கேக்காதீங்க. யாராவது முன்னாடியே சொல்லாம வந்தா அப்பிடித்தான். சொல்லிட்டுத்தான் வந்தீங்களா? ஆமா, எனக்குத்தான் சொன்னீங்க. நான் அவகிட்ட சொல்ல மறந்துட்டேன். மறந்துட்டேன்னா, சொல்லல.

இதுதான் என்னோட ரூமு. ரூமுன்னு பேருதான், துணி தேய்க்கற மேஜைக்கும் பீரோவுக்கும் நடுவுல எனக்கு விட்டுக் குடுத்த எடம். ரேடியோ இங்க. ஹெட்போன் அந்த ஆணியில மாட்டியிருக்கு. ஜன்னல்ல ஒரு ஓட்டை இருக்கு பாருங்க, அது வழியாத்தான் ஏரியல் கம்பி மொட்டை மாடிக்குப் போகுது. ஓட்டை போட்ட அன்னிக்கு வீட்டுக்காரர் கத்தினது உங்க நிலையத்துக்கே கேட்டிருக்கும், ரேடியோவே தேவைப்பட்டிருக்காது.

பீரோ கண்ணாடி முழுக்க அட்டை. ஆமா, எல்லாம் நான் ரிப்போர்ட் எழுதி அந்தந்த நிலையத்துல இருந்து வந்தது. நீங்க எங்களைக் கேட்டது நெசம்தான்னு ஒத்துக்கிட்டு அனுப்பற படம் போட்ட அட்டை. உங்களுக்கு நான் சொல்லணுமா. என் பொண்ணோட சினேகிதிங்க வந்தா இதைப் பாத்துட்டு, அங்கிள் எந்தெந்த ஊருக்கெல்லாம் போயிருக்காருன்னு கேக்கும். அங்கிள் பஸ் ஸ்டாண்டத் தாண்டினதில்லம்மான்னு இவ சமையல்கட்டுல இருந்தே பதில் சொல்லுவா.

என்ன பழக்கம் இதுன்னு எல்லாரும் கேப்பாங்க. பாட்டு கேக்கணும்னா பக்கத்துலயே ஸ்டேஷன் இருக்கே, எதுக்கு இந்த இரைச்சலக் கட்டிக்கிட்டு அழறன்னு. எனக்கு வேண்டியது பாட்டு இல்ல தம்பி, தூரம். எங்கயோ ஒருத்தர் ஒரு ரூமுல உக்காந்து பேசறாரு, அது அலையா அடிச்சு, வானத்துல முட்டி, கடல்ல விழுந்து, மறுபடி எந்திரிச்சு, கடைசியில இந்தத் துணி தேய்க்கற மேஜைகிட்ட வந்து சேருது. பாதி வழியில உசுரு போய்த்தான் வருது. அந்த மிச்ச உசுர நான் புடிக்கறேன். முள்ளை ஒரு மயிரிழை அந்தப் பக்கம், ஒரு மயிரிழை இந்தப் பக்கம் நகத்தி, மூச்சை அடக்கிக்கிட்டு உக்காந்திருப்பேன். தெளிவா கணீர்னு வர்ற ஸ்டேஷன் எனக்குச் சப்புனு இருக்கும். கேக்குதா கேக்கலையான்னு சந்தேகமா வர்றதுதான் ருசி.

இந்த அட்டையப் பாருங்க, படமே இல்லாம வெறும் எழுத்தா இருக்கே, இது. ஒரு சின்னத் தீவு. என்ன பாஷைன்னே எனக்குத் தெரியாது. ஒரு அம்மா எதையோ படிச்சுக்கிட்டே போறாங்க, மீன்புடிக்கறவங்களுக்குக் காத்து மழை சொல்ற மாதிரி ஒரு ராகம். ஒரு வார்த்தை புரியல. ரிப்போர்ட் எழுதணும்னா என்ன கேட்டோம்னு எழுதணுமே, என்னத்த எழுதறது? அப்போ அந்தம்மா பேச்சுக்குப் பின்னாடி ஒரு சேவல் கூவுச்சு. சரி, அதையே எழுதுவோம்னு, எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல, உங்க பாஷை புரியல, பெண் குரல், நடுவுல சேவல்னு எழுதிப் போட்டேன். பதில் வந்துச்சு. அந்தச் சேவல் எங்க வாட்ச்மேன் வளக்கறது, அதை இவ்வளவு தூரத்துல யாரும் கேட்டதில்ல, அவருக்கு ரொம்பப் பெருமைன்னு. இவ்வளவு அட்டையில எனக்குப் புடிச்சது அதுதான்.

அதுக்கு நான் எவ்வளவு மார்க்கு போட்டேன்னு நெனைக்கறீங்க? சத்தத்துக்கு ரெண்டு, மத்த ஸ்டேஷன் குறுக்க வர்றதுக்கு ரெண்டு, இரைச்சலுக்கு ஒண்ணு, ஏறி எறங்கறதுக்கு ஒண்ணு, மொத்தத்துக்கு ஒண்ணு. அஞ்சுதான் உச்சம், ஒண்ணுதான் அடிமட்டம். நான் பாட்டுக்கு ஒண்ணு போட்டு அனுப்பிட்டேன், கோவிச்சுக்குவாங்களோன்னு ஒரு நிமிஷம் யோசிக்கல. அவங்களும் கோவிச்சுக்கல. ஏன்னா இதுல ஒரே ஒரு சட்டம்தான். காதுல விழுந்தத எழுதணும். விழாதத எழுதக் கூடாது. உங்க ஊர்ல உங்களுக்கு நல்லாத்தான் கேக்கும், தூரத்துக்குப் போய்ச் சேந்துச்சான்னு எங்கள மாதிரி ஒருத்தன் சொன்னாத்தான் உங்களுக்குத் தெரியும். எங்க காதுதான் உங்களுக்குக் கண்ணு. இந்த ஊர்லயே ஒருத்தர் இருந்தாரு, தையக்கடை வெச்சிருந்தாரு, அட்டைக்கு ஆசைப்பட்டுக் கேக்காததையெல்லாம் கேட்டதா எழுதுவாரு. தெரிஞ்ச அன்னிலேந்து அவர்கிட்ட சட்டை தைக்கறதையே நிறுத்திட்டேன்.

எதுக்கு இதெல்லாம் சொல்றேன். டீ ஆறுது, குடிங்க.

கடையா? ஆமா, கண்ணாடிக் கடை என்னுதுதான். அக்கா என்னை ரேடியோவுல கண்ணாடிக்கடை அண்ணன்னு சொல்றது அதனாலதான். அவங்கள விட நான் மூத்தவன், இருந்தாலும் கேக்கறவங்க எல்லாரும் அக்கான்னுதான் சொல்றாங்க, எனக்கும் அதுவே வந்துடுச்சு. அவங்க என்னை அண்ணங்கறாங்க, நான் அவங்கள அக்காங்கறேன். நீங்க ரெண்டு பேரும் மொதல்ல யாரு பெரியவங்கன்னு முடிவு பண்ணுங்கன்னு இவ சிரிப்பா. சாயங்காலம் கடைய நான் சீக்கிரம் அடைச்சா, பக்கத்துக் கடைக்காரனுக்கே தெரியும், அண்ணனுக்கு அக்கா பேசற நேரமாச்சுன்னு.

கடையில ஒரு கூத்து பாருங்க. சுவத்துல எழுத்து அட்டை மாட்டியிருக்கேன், பெருசுல ஆரம்பிச்சுச் சிறுசா எறங்குமே, அது. ஒரு கண்ண மூடிக்கிட்டுப் படிக்கச் சொன்னா, சில பேரு கடைசி வரி வரைக்கும் கடகடன்னு ஒப்பிச்சுடுவாங்க. பரவால்லியே, நல்ல கண்ணுன்னு நெனைச்சா, காத்துக்கிட்டு இருந்தப்போ பக்கத்துல போய் நின்னு மனப்பாடம் பண்ணியிருப்பாங்க. லென்ஸ மாத்தி மாத்திப் போட்டு, இது தெளிவா அது தெளிவான்னு கேட்டா, எதைப் போட்டாலும் தெளிவா இருக்குங்கன்னு ஒரு பதில். தெளிவா இல்லன்னு சொன்னா எனக்குச் சங்கடமா இருக்குமாம், அதுக்காக. நான் கோவப்படுவேன். ஐயா, நீங்க பொய் சொன்னா கண்ணாடி தப்பாப் போகும், ரோட்ட தாண்டப் போறது நானில்ல நீங்கன்னு. நல்லாத்தான் பேசுவேன் தம்பி நானு. அடுத்தவங்களுக்குச் சொல்றதுல என்னை அடிச்சுக்க ஆள் கெடையாது.

மணி ஆயிடுச்சா? ஆகல, ஆகல. இப்பவே போட்டா வெறும் இரைச்சல்தான் வரும். உங்க பெட்டிய வேணா எடுத்து வைங்க. மாடிக்குப் போய் ஏரியலப் பாக்கணுமா? வாங்க, பாக்கலாம். குனிஞ்சு வாங்க.

இதான் கம்பி. அந்தத் தண்ணித் தொட்டியில ஆரம்பிச்சு இந்தக் குழாய் வரைக்கும். இதைக் கொடின்னு நெனைச்சுக்கிட்டுத் துணி காயப்போடறவங்களோட நான் எத்தன வருஷமா மல்லுக்கட்டறேன் தெரியுமா. இது துணிக்கொடி இல்லன்னு ஒரு பலகை எழுதி மாட்டினேன். அந்தப் பலகை மேலயே ஒருத்தர் துண்டு காயப்போட்டிருந்தாரு.

சிரிக்காதீங்க தம்பி. ஒண்ணு சொல்றேன். உங்க நிலையத்துல உங்களுக்கு முன்னாடி ஒரு பெரியவர் இருந்தாரே, இன்ஜினியர். ஆமா, அவர்தான். எப்பிடி இருக்காரு? ரிட்டையர் ஆயிட்டாரா. கோலு வெச்சுக்கிட்டுத்தான் நடக்கறாரா, இன்னமும்.

அது என்னாலதான். இல்ல, கேளுங்க. ஒரு நாள் அக்கா பேச்சு கேக்கவே இல்ல, கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி. எனக்குன்னா ஆத்திரம். உடனே ரெண்டு மார்க்கு போட்டு, என்ன பண்றீங்க அங்க, தூங்கறீங்களான்னு காட்டமா ஒரு ரிப்போர்ட். மறுவாரம் கடுதாசி நிகழ்ச்சில அக்கா சொல்றாங்க, நேயர் ஒருத்தர் சரியாக் கேக்கலன்னு எழுதினதால நம்ம இன்ஜினியர் அய்யா மழைன்னும் பாக்காம டவர்ல ஏறிப் பாத்தாரு, எறங்கும்போது வழுக்கி விழுந்துட்டாரு, கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரில இருக்காரு, அவர் சீக்கிரம் நடக்கணும்னு எல்லாரும் நெனைச்சுக்குங்கன்னு. எந்த நேயர்னு பேரு சொல்லல. அந்தப் பெரிய மனசு அவங்களுக்கு இருந்துச்சு.

சரி, டவர்ல கோளாறு இருந்துச்சு, அவர் கடமைய செஞ்சாருன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். நாலு நாள் கழிச்சு மாடிக்கு வர்றேன், மூணாவது மாடி அம்மா என் கம்பி மேல பெரிய போர்வைய விரிச்சுப் போட்டுட்டு, தண்ணி சொட்டச் சொட்ட. கம்பி தொங்கிப் போய்த் தொட்டி மேல ஒட்டிக்கிட்டு இருக்கு. போன வாரமும் இங்கதாண்ணே போட்டேன், நல்லாக் காயுதுங்கறாங்க. அந்த ஈரப் போர்வைக்காக ஒரு மனுஷன் டவர்ல ஏறி விழுந்திருக்காரு. என் பக்கத்துக் கோளாற நான் பாக்கல. எடுத்த எடுப்புல உங்க பக்கம்னு எழுதிட்டேன்.

அன்னிலேந்து நான் மார்க்கைக் கொறைச்சதே இல்ல தம்பி. கொறைக்கணும்னு பேனா எடுத்தா அவர் கால்தான் ஞாபகம் வரும். கொஞ்சம் இரைச்சல் இருந்தா, நம்ம கம்பிதான்னு நெனைச்சுக்குவேன். சத்தம் எறங்கினா நம்ம ரேடியோ பழசு. நாம அஞ்சு போட்டா யாரும் ஏற வேணாம், யாரும் விழ வேணாம். என்ன கெட்டுப் போச்சு அதனால, சொல்லுங்க.

கம்பி புதுசா இருக்கா? ஆமா, போன மழைக்காலம் முடிஞ்சதும் மாத்தினேன். அப்புறம் இன்னொரு தடவ மாத்தினேன். மண்ணுக்குள்ள போற கம்பியையும் தோண்டி மாத்தினேன், வாட்ச்மேன் பொதையல் தேடறேன்னு நெனைச்சாரு. ரேடியோவ ரிப்பேர் கடைக்காரர்கிட்ட ரெண்டு தடவ குடுத்தேன். ஒண்ணுமில்லியே, நல்லாத்தானே இருக்குன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. ஏன் இத்தன மாத்தமா? சும்மாதான். பழசாயிடுச்சேன்னு.

உங்க பெட்டிய மாட்டிப் பாத்துட்டீங்களா. என்ன சொல்லுது? எல்லாம் நல்லாருக்கா. கம்பியில கோளாறு இல்லையா. நல்லாப் பாருங்க தம்பி, அந்த முனையில லேசா களிம்பு புடிச்சிருக்கும். அதெல்லாம் ஒண்ணும் பண்ணாதா. இந்த மாதிரி ஒரு ஏரியல் ஒரு வீட்டுல இருந்து நீங்க பாத்ததே இல்லையா. ரொம்ப சந்தோஷம். இல்ல, சந்தோஷமாத்தான் இருக்கேன். வேர்க்குது, அவ்வளவுதான். வாங்க, எறங்கலாம்.

என்ன சொல்றீங்க? நின்னு சொல்லுங்க, படியில வேணாம்.

கப்பல் சமையக்காரர் ஒருத்தர் எழுதினாரா. போன மழைக்கு அப்புறம் உங்க நிகழ்ச்சி கேக்கவே இல்லன்னு. கேம்ப்ல இருந்தும் எழுதினாங்களா. எத்தன பேரு? நெறைய பேரா. அப்போ எனக்கு மட்டும்... அப்போ என் கம்பி... இல்ல, நீங்க சொல்லி முடிங்க. அதுக்கு நீங்க என்ன பதில் எழுதினீங்க?

கண்ணாடிக்கடை அண்ணன் இவ்வளவு தூரத்துல இருந்து அஞ்சுக்கு அஞ்சு போடறாரு, அதனால இங்க டவர்ல ஒண்ணுமில்ல, உங்க ரேடியோவப் பாருங்க, உங்க கம்பிய மாத்துங்கன்னு. அக்காவே நிகழ்ச்சியில சொன்னாங்களா. ஆமா, சொன்னாங்க. நானும் கேட்டேன் அத. யாருக்கோ சொல்றாங்கன்னு நெனைச்சேன். அவங்களும் மாத்தியிருப்பாங்க, பாவம், கப்பல்ல கம்பிய எங்க போய்க் கட்டுவாங்க. மாத்திப் பாத்துட்டுக் கேக்கலன்னதும் எழுதறத விட்டுட்டாங்க. அவங்க விட்டதும், அக்கா என்ன நெனைச்சாங்க, எல்லாரும் தன்ன மறந்துட்டாங்கன்னு.

டவர்ல யாரும் ஏறிப் பாக்கலையா? ஒரு தடவ கூட? ஓ. பெரியவர் விழுந்ததுக்கு அப்புறம் சும்மா ஏற விட மாட்டாங்க. ரிப்போர்ட் மோசமா வந்தாத்தான் ஏறணும். ரிப்போர்ட்டுதான் பிரமாதமா வருதே.

நான் அப்பிடி நெனைக்கலியே தம்பி. ஒரு ஆளோட ரிப்போர்ட்டு, அத யாரு படிக்கப் போறா, ஃபைல்ல போட்டு வெப்பாங்கன்னுதான். மத்தவங்களும் எழுதுவாங்க, அதப் பாத்துக்குவாங்கன்னு. எல்லாரும் எழுதத்தான் எழுதியிருக்காங்க. நான்தான் குறுக்க நின்னிருக்கேன்.

வாங்க, உக்காருங்க. நேரமாச்சு. இனிமே தள்ளிப் போட ஒண்ணுமில்ல.

சுச்சு அங்க இருக்கு, நீங்களே போடுங்க. உங்க கையால போட்டாத்தான் சரி. ஹெட்போன் வேணாம், வெளியவே வரட்டும். முள்ளு நேத்துல இருந்தே அங்கதான் நிக்குது, நகத்தவே வேணாம், உங்க நம்பர்தான். சத்தத்த ஏத்துங்க. இன்னும் ஏத்துங்க. இவ உள்ளேர்ந்து கத்த மாட்டா, இன்னிக்குக் கத்த மாட்டா.

இரைச்சல்தான். ஆமா. கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிப் பாக்கறீங்களா? பாருங்க. இந்தப் பக்கமும் பாருங்க. அது வேற ஸ்டேஷன், பக்கத்து நம்பர்ல இருக்கறவன், எப்பவும் வருவான், கணீர்னு. ஏரியல் நல்லாருக்குன்னு அவனே சாட்சி. திரும்ப நடுவுக்கு வாங்க. ஆமா, அங்கதான். உங்க பெட்டியிலயும் ஒண்ணும் எந்திரிக்கலையா. கைய வெச்சுத் தட்டாதீங்க தம்பி, பெட்டி மேல தப்பில்ல. இன்னிக்கு வானம் சரியில்லையோன்னு கேக்கறீங்களா? நல்ல புள்ள நீங்க. எனக்காக நீங்களே ஒரு காரணம் தேடறீங்க. வானம் நல்லாத்தான் இருக்கு.

ஒரு நிமிஷம். பாப்பா, உன் போன எடுத்துட்டு வா. அதான், அத எடுத்துட்டு வாம்மா. வந்திருக்கற அங்கிளுக்குத் தெரியட்டும், பரவால்ல. நேரா அந்தப் பக்கத்துக்கே போ. ஆமா, வையி. மேஜை மேல, ரேடியோவுக்குப் பக்கத்துல வெச்சுட்டு நீ போ.

கேக்குதா? அக்காதான். அதே நிகழ்ச்சிதான், இதே நேரத்துக்கு நீங்க இண்டர்நெட்லயும் விடறீங்களே, அதுதான். இன்னிக்குக் கடுதாசி நாள். கவனிங்க, வந்துடுச்சு. என்னைத்தான் சொல்றாங்க. தூரத்துல இருந்து மாறாத அன்போட எழுதற நம்ம கண்ணாடிக்கடை அண்ணன், இந்த வாரமும் தெளிவாகக் கேட்கிறதுன்னு எழுதியிருக்காரு, ஒருத்தராவது கேக்கறாரேங்கறது எனக்குப் போதும், நன்றி அண்ணே. கேட்டீங்களா. தொண்ட கட்டியிருக்கு அவங்களுக்கு. போன்ல அதுகூடத் தெளிவாத் தெரியுது.

இப்பிடித்தான் தம்பி நான் கேக்கறேன். போன மழைக்கு அப்புறம் பூரா இப்பிடித்தான். கம்பிய சரி பண்ற வரைக்கும்தான், அடுத்த வாரம் சரியாயிடும், அதுக்குள்ள எதுக்கு ரெண்டு மார்க்கு போட்டு ஒருத்தர ஏத்தி விடணும்னு, பாப்பா போன்ல கேட்டு, ரேடியோவுல கேட்டதா எழுதிப் போட்டேன். ஒரு வாரம் போச்சு, இன்னொரு வாரம் போச்சு. ஒரு தடவ எழுதினதுக்கப்புறம் எப்பிடி நிறுத்தறது? இவ சொல்லிக்கிட்டேதான் இருந்தா, வேணாங்க, தப்புங்கன்னு. தப்புன்னு எனக்கும் தெரியும். இவ்வளவு தப்புன்னு இன்னிக்குத்தான் தெரியுது.

அளந்தத அப்பிடியே எழுதிக்குங்க. எல்லாத்துக்கும் ஒண்ணு. அதுக்குக் கீழ இருந்தா அதையும் போடுங்க. கூட்டத்துல என் ரிப்போர்ட்டு அத்தனையும் பொய்யின்னு சொல்லிடுங்க, டவர்ல ஆள ஏத்துங்க, வெயில் நாளாப் பாத்து. கப்பல்காரங்களுக்கு எழுதுங்க. அக்கா எழுதிக் குடுத்த கடுதாசி இன்னும் மேஜையிலதானே இருக்கு, யாரும் கையெழுத்துப் போடலையே? அப்போ சரி. நீங்க ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் இதச் சொல்லாம வெச்சிருக்க வேணாம் தம்பி, நிகழ்ச்சி முடிஞ்சதும் இங்கேருந்தே அவங்களுக்குப் போன் போடுங்க. மொதல்ல, உங்கள யாரும் விட்டுட்டுப் போகல, ஒருத்தர் பாக்கியில்லாம முள்ளத் திருப்பித் திருப்பித் தேடிட்டு இருந்தாங்கன்னு சொல்லுங்க. கண்ணாடிக்கடைக்காரன் கேக்கவே இல்லங்கறத அதுக்கப்புறம் சொல்லுங்க.